பூச்சிக் குளிசையும் வெண்குழியங்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஒட்டுண்ணிகளுக்கு எதிராகக் கொடுக்கப்படும் மருந்துகள் நமது நிர்ப்பீடனத் தொகுதியை என்ன செய்கின்றன என்று மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பல ஊர்களிலிருந்தும் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலானோர் "எதிர்ப்புச் சக்தி கூடுமா, குறையுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். கேள்வியை அப்படி வைத்தால் சரியான பதில் கிடைக்காது. நியூட்ரோபில், இயோசினோபில், நிணநீர்க்குழியம், தின்குழியம் என்று தனித்தனி வேலையுள்ள வெண்குழியங்கள் நம் உடலில் இருக்கின்றன. ஒரு மருந்து அவற்றுள் ஒன்றின் செயலைத் தணித்து மற்றவற்றைத் தொடாமல் விடலாம்; வேறொரு மருந்து அந்தக் கலங்களின் உதவி இல்லாமல் வேலையே செய்யாது. ஆகவே எந்த மருந்து, எந்தக் கலம், எவ்வளவு அளவு என்று பிரித்துப் பார்த்தே கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): எனது மகளுக்கு லூபஸ் நோய் என்று சொல்லி, கிளினிக்கில் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் எழுதியிருக்கிறார்கள். பாமசியில் விசாரித்தபோது அது மலேரியாக் குளிசை என்றார்கள். நாட்டில் மலேரியாவே இல்லை என்று சொல்லும்போது இது எதற்கு? பிள்ளையின் எதிர்ப்புச் சக்தி இதனால் விழுந்துவிடாதா?

பதில்: பாமசியில் சொன்னது பிழையல்ல. உங்கள் வயதினருக்கு அந்தக் காலத்துக் குளோரோகுயின் குளிசையின் கசப்பு நன்றாக நினைவிருக்கும்; உங்கள் மகளுக்குக் கொடுக்கப்பட்டிருப்பது அதற்கு மிக நெருங்கிய உறவுடைய மருந்து. இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாகச் சான்றளித்தது. இன்று நம் பகுதி வைத்தியசாலைகளில் இந்தக் குளிசையைத் தொடர்ந்து எடுப்பவர்களில் அநேகமாக எல்லோரும், நிர்ப்பீடனம் தன் உடலையே தாக்கும் லூபஸ், மூட்டுவாதம் போன்ற நோய் உள்ளவர்களே.

ஒட்டுண்ணி மருந்து ஒன்று வாத நோய்க்குப் பயன்படுவது தற்செயலாகத்தான் தெரியவந்தது. இரண்டாம் உலகப் போரின்போது மலேரியா வராமல் இருக்க மெபக்ரின் என்னும் குளிசை குடித்த படைவீரர்களில் சிலருக்கு, ஏற்கெனவே இருந்த தோல் தடிப்பும் மூட்டு வீக்கமும் தணிந்தன. 1951 இல் பேஜ் என்ற வைத்தியர் அதே மருந்தால் லூபஸ் நோயாளிகள் குணங்கண்டதை எழுதினார். அந்தக் குடும்பத்தில் பக்கவிளைவு குறைந்ததாக வந்து நிலைத்ததுதான் ஹைட்ரொக்சிகுளோரோகுயின்.

இனி அது கலங்களுக்குள் செய்யும் வேலைக்கு வருவோம். நமது கலங்களில் இலைசோசோம் எனப்படும் அமிலம் நிறைந்த சிறு பைகள் உண்டு. கலம் விழுங்கிய பொருட்கள் அங்கேதான் உடைக்கப்படுகின்றன. இந்த மருந்து காரத்தன்மை உடையது. ஆகவே அமிலப் பைகளைத் தேடிச் சென்று, அங்கேயே தங்கிச் சேர்ந்து, அவற்றின் அமிலத்தன்மையைக் குறைத்துவிடுகிறது. மலேரியா ஒட்டுண்ணி நமது செங்குழியத்தின் ஈமோகுளோபினை உடைத்து உண்பதும் இப்படிப்பட்ட அமிலப் பை ஒன்றில்தான் என்பதால், குளோரோகுயின் அங்கே சேரும்போது உடைந்த ஈமோகுளோபினின் நச்சுக்கழிவை ஒதுக்க முடியாமல் ஒட்டுண்ணி இறக்கிறது. நமது கலத்துக்கு அந்த அளவில் அப்படியான சேதம் நேர்வதில்லை. ஆனால் அமிலம் வேண்டி நிற்கும் சில வேலைகள் மந்தமாகின்றன.

லூபஸ் நோயில் அந்த மந்தம்தான் நமக்கு வேண்டியது. இறந்த கலங்களிலிருந்து சிதறிய டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. துண்டுகளை, வைரசு நுழைந்துவிட்டதாக எண்ணிப் பிடித்துக்கொள்ளும் வாங்கிகள் சில நிர்ப்பீடனக் கலங்களின் உட்பைகளுக்குள் இருக்கின்றன. டோல் வாங்கிகள் எனப்படும் இவற்றில் ஏழாம், ஒன்பதாம் இலக்க வாங்கிகள் விழித்துக்கொண்டால், கலம் இன்ரபெரோன் என்னும் புரதத்தைப் பெருமளவில் சுரந்து மற்றக் கலங்களையும் கிளப்பிவிடும். லூபஸ் நோயாளியின் உடலில் இந்தச் சுற்று ஓயாமல் நடக்கிறது. ஹைட்ரொக்சிகுளோரோகுயின் அந்தப் பைகளுக்குள் புகுந்து, வாங்கிகள் விழித்துக்கொள்வதைத் தடுக்கிறது. கூடவே, விழுங்கிய பொருளைத் துண்டாக்கி நிணநீர்க்குழியங்களுக்குக் காட்டும் வேலையும் குறைவதால், தன் உடலையே எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் என்னும் புரதங்கள் உருவாவதும் தணிகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரடியான பதில்: விழுந்துவிடாது. இந்த மருந்து வெண்குழியங்களைக் கொல்வதில்லை. அவற்றை உருவாக்கும் என்பு மச்சையைத் தாக்குவதில்லை. நிர்ப்பீடனத்தை அடக்கும் ஸ்டீரொயிட் அல்லது அசதயோப்ரின் எடுப்பவர்களுக்கு ஏற்படும் தொற்றுப் பயம் இந்த மருந்தால் மட்டும் ஏற்படுவதில்லை. அதே காரணத்தால் இது மெல்ல வேலை செய்யும் மருந்தாகவும் இருக்கிறது. இரண்டு மூன்று மாதங்கள், சிலருக்கு ஆறு மாதங்கள்கூடச் செல்லும். ஒரு மாதம் குடித்துப் பார்த்தோம், பலனில்லை என்று கைவிடுபவர்களை எண்ணி நான் உண்மையிலேயே வருந்துகிறேன். அவர்கள் கைவிடுவது அநேகமாக மருந்து வேலை தொடங்கும் தறுவாயில்தான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இக்குளிசை சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாது. ஒரு சில குளிசைகளே குழந்தையின் இதயத்தை நிறுத்தப் போதுமானவை.

கேள்வி (காத்தான்குடி): நான் மூன்று வருடமாக இதே குளிசையை எடுக்கிறேன். இப்போது குழந்தை உண்டாகியிருக்கிறது. உம்மா நிறுத்தச் சொல்கிறார். கண் பார்வையும் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: நிறுத்த வேண்டாம். உம்மாவின் பயம் இயல்பானது. ஆனால் கர்ப்பகாலத்தில் தொடர வேண்டிய மருந்துகளில் இது ஒன்று. நிறுத்தினால் நோய் கிளம்பித் தாயையும் சிசுவையும் பாதிக்கும் ஆபத்துத்தான் பெரிது. றோ எனப்படும் பிறபொருளெதிரி உள்ள தாய்மாரில், சிசுவின் இதயத்துடிப்பு தடைப்படும் அபாயத்தையும் இது குறைக்கிறது. தாய்ப்பாலும் கொடுக்கலாம். கிளினிக்கில் கர்ப்பத்தை அறிவித்துவிடுங்கள்.

கண்ணைப் பற்றிய எச்சரிக்கை பொய்யல்ல. ஆனால் அது அளவையும் காலத்தையும் பொறுத்தது. நாளொன்றுக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 மில்லிகிராமைத் தாண்டாமல் எடுப்பவர்களில், முதல் பத்து வருடங்களில் விழித்திரை பாதிக்கப்படுவோர் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. இருபது வருடங்களைக் கடந்தால் அது ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்கு உயர்கிறது. குளிசை 200 மில்லிகிராமாக வருவதால், 50 கிலோ நிறையுள்ள ஒருவருக்குச் சில நாட்களில் ஒன்று, சில நாட்களில் இரண்டு என்று எழுதப்பட்டிருக்கும். அந்த ஒழுங்கைக் கைவிட்டுத் தினமும் இரண்டு குடிப்பதுதான் வீண் ஆபத்து. தொடங்கிய முதல் வருடத்தில் ஒரு கண் பரிசோதனையும், ஐந்து வருடத்துக்குப் பின் ஆண்டுதோறும் ஒன்றும் செய்ய வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் அதற்கு முன்னரே தொடங்க வேண்டும்.

கேள்வி (வெல்லாவெளி): மாட்டுக்குக் கொடுக்கும் லெவமிசோல் மருந்து மனிதருக்கும் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று ஒருவர் சொன்னார். எங்கள் பட்டிக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறது. வீட்டில் குடிக்கலாமா?

பதில்: ஐயா, தயவுசெய்து குடிக்க வேண்டாம். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்து அந்தப் பாதி உண்மையில்தான் இருக்கிறது.

லெவமிசோல் 1960களில் புழுக்களின் தசையை இறுக்கிச் செயலிழக்கச் செய்யும் மருந்தாகவே வந்தது. 1971 இல் பிரான்ஸில் ரெனூ தம்பதியினர், இதைக் கொடுத்த எலிகளில் புருசெல்லா என்னும் பக்றீரியாவுக்கான தடுப்பூசி கூடுதலாகப் பலன் தந்ததைக் கண்டனர். அதன்பின் நடந்த ஆய்வுகளில், சோர்ந்துபோயிருந்த நிணநீர்க்குழியங்களையும் தின்குழியங்களையும் இது பழைய நிலைக்குக் கொண்டுவருவது தெரிந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, குறைந்திருந்ததை மீட்கிறது என்பதே; சாதாரணமாக உள்ள ஒருவரின் எதிர்ப்பை அதற்கு மேல் உயர்த்துகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. மூட்டுவாதத்துக்கும், 1990 முதல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கும் வேறு மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2000 அளவில் அங்கே மனிதப் பாவனையிலிருந்து அது எடுக்கப்பட்டது.

சிலரில் இந்த மருந்து நியூட்ரோபில்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகளைத் தூண்டிவிடுகிறது. அப்போது, பக்றீரியாக்களுக்கு எதிரான நமது முதல் காவலாகிய நியூட்ரோபில் சில நாட்களிலேயே குருதியில் இல்லாமற் போய்விடும். காய்ச்சல், தொண்டை நோவு, வாய்ப்புண் என்று தொடங்கி உயிரையே பறிக்கும் தொற்றாக அது முடியக்கூடும். ஒரே மருந்து ஒரு வகைக் கலத்தை எழுப்பி, இன்னொரு வகைக் கலத்தை அழிக்கிறது. எதிர்ப்புச் சக்தி "கூடும்" என்ற சொல்லை நம்பி எவரும் மருந்து குடிக்கக்கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இல்லை.

சிறுநீரில் புரதம் வெளியேறி உடல் வீங்கும் சிறுநீரக நோய் அடிக்கடி திரும்பும் பிள்ளைகளுக்கு, ஒன்றுவிட்ட நாட்களில் லெவமிசோல் கொடுக்கும் வழக்கம் உண்டு. அது மனிதருக்கான குளிசை. பிள்ளை நல ​​வைத்தியரின் கண்காணிப்பில், குருதியைத் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டே கொடுக்கப்படுகிறது. மாட்டுக்கான கரைசலின் செறிவு வேறு, அளவும் வேறு.

கேள்வி (அக்கரைப்பற்று): கொழும்புப் பக்கம் பல வருடம் வேலை செய்துவிட்டு வந்த என் கணவருக்கு, இரவில் இரத்தம் எடுத்துப் பார்த்து யானைக்கால் புழு இருப்பதாகச் சொல்லி டி.ஈ.சி. குளிசை கொடுத்தார்கள். குடித்த அன்றே காய்ச்சலும் உடம்பு நோவும் வந்துவிட்டன. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: மருந்து வேலை செய்கிறது என்பதன் அடையாளமாகவே அது பெரும்பாலும் இருக்கும். யானைக்கால் நோய் நம் நாட்டில் மேல், தென், வடமேல் மாகாணங்களிலேயே வேரூன்றியிருந்தது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அது நீங்கியதாக 2016 இல் அறிவிக்கப்பட்டது. எனினும் அங்கொருவர் இங்கொருவராக இன்னமும் கண்டறியப்படுகிறார்கள். அதன் நுண்புழுக்கள், அதாவது பெண் புழு ஈனும் குஞ்சுகள், இரவில்தான் மேலோட்டமான குருதிக்கு வருகின்றன. அதனாலேயே உங்கள் கணவரிடம் இரவில் இரத்தம் எடுத்தார்கள்.

டி.ஈ.சி. (டைஈதைல்கார்பமசின்) 1947 முதல் அறியப்பட்ட மருந்து. சோதனைக் குழாயில் நுண்புழுக்களின் மேல் இம்மருந்தை ஊற்றினால் அவை அநேகமாக அப்படியே நெளிந்துகொண்டிருக்கும். மனித உடலில் கொடுத்தாலோ, ஒரு சில மணித்தியாலங்களிலேயே குருதியிலிருந்து மறையத் தொடங்குகின்றன. நுண்புழுக்கள் நமது வெண்குழியங்களின் கண்ணில் படாமல் சுற்றுகின்றன. இம்மருந்து அந்த மறைப்பைக் குலைத்து, இயோசினோபில்களும் தின்குழியங்களும் குருதிச்சிறுதட்டுகளும் அவற்றைப் பற்றிக்கொள்ளும்படி செய்கிறது. நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்கும் நொதியம் ஒன்று இல்லாத எலிகளில் இம்மருந்து பலனளிக்காமற் போனது, வேலையின் பெரும்பங்கு நமது உடலுடையது என்பதைக் காட்டியது.

அவ்வளவு புழுக்கள் ஒரே நாளில் மடியும்போது, அவற்றின் உடலிலிருந்தும், அவற்றுக்குள் குடியிருக்கும் வொல்பாக்கியா என்னும் பக்றீரியாவிலிருந்தும் வெளிப்படும் பொருட்கள் தின்குழியங்களைக் கிளறிவிடுகின்றன. காய்ச்சல், தலையிடி, உடம்பு நோவு அதன் விளைவு. இரண்டு மூன்று நாளில் அடங்கும், பரசிற்றமோல் போதும். மூச்சுத் திணறல், மயக்கம், முகவீக்கம் வந்தால் மட்டும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கேள்வி (வாழைச்சேனை): பொலன்னறுவைப் பக்கம் காட்டு வேலைக்குப் போய்வந்த எனக்கு, கையில் நோகாத ஒரு புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. தோல் கிளினிக்கில் மணல் ஈயால் வந்த லெஷ்மேனியாசிஸ் என்று சொல்லி, புண்ணைச் சுற்றி ஊசி போடுகிறார்கள். எனக்கு நீரிழிவு இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இந்த ஊசி பிடிக்காது என்பது மெய்யா?

பதில்: பகுதியளவில் மெய். இந்த ஒட்டுண்ணி ஒளித்திருக்கும் இடம் தின்குழியம். தன்னை விழுங்கிக் கொல்ல வேண்டிய கலத்துக்குள்ளேயே அது பெருகுகிறது. ஊசியில் இருப்பது அந்திமனி என்னும் மூலகத்தின் சேர்மம்; அது உடலுக்குள் சென்று வேறு வடிவுக்கு மாறிய பின்னரே நஞ்சாகிறது, அந்த மாற்றத்தில் ஒரு பங்கு தின்குழியத்துக்குள் நடக்கிறது. மற்றக் கலங்களை ஏவும் ரி நிணநீர்க்குழியங்கள் (ரி கலங்கள்) இல்லாத எலிகளில் அந்திமனி ஏறக்குறையப் பயனற்றுப் போயிற்று. அதே எலிகளில் மில்டெபொசின் என்ற வேறு மருந்து வேலை செய்தது. எச்.ஐ.வி. தொற்று முற்றியவர்களில் அந்திமனிச் சிகிச்சை தோற்பதற்கும் இது ஒரு காரணம்.

நீரிழிவு அந்த அளவுக்கு ரி கலங்களை அழிப்பதில்லை. ஆயினும் சீனி கட்டுப்பாட்டில் இல்லையென்றால் புண் ஆறுவது தாமதிக்கும். மேலதிகமாகப் பக்றீரியாவும் தொற்றும். ஊசியை இடையில் விடாதீர்கள், சீனியையும் கவனியுங்கள்.

கேள்வி (சம்மாந்துறை): வாப்பாவுக்கு எழுபது வயது. வாழ்நாள் முழுவதும் வயலில் வெறுங்காலோடு நின்றவர். சிறுநீரக நோய் ஒன்றுக்காக நீண்ட நாளைக்கு பிரெட்னிசலோன் கொடுக்கப்போகிறார்கள். அதற்கு முன் ஐவர்மெக்டின் குடிக்கச் சொன்னார்கள். வயிற்றில் ஒரு குறையும் இல்லாதவருக்குப் பூச்சி மருந்து ஏன்?

பதில்: அப்படி எழுதிய வைத்தியரை நான் மனமாரப் பாராட்டுகிறேன். இந்த முன்யோசனை எல்லா இடத்திலும் இருப்பதில்லை. இல்லாததால் உயிர்கள் போகின்றன.

ஸ்ட்ரோங்கிலோயிட்ஸ் என்னும் நுண்ணிய குடற்புழு ஈர மண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்து உள்ளே வருகிறது. கொழுக்கிப்புழுவும் அப்படித்தான் வருகிறது. ஆனால் அது உடலுக்குள் பெருகுவதில்லை, சில வருடங்களில் மடிந்துவிடும். ஸ்ட்ரோங்கிலோயிட்ஸின் குடம்பிகளோ குடலிலேயே வளர்ந்து, குடற்சுவரைத் துளைத்து மீண்டும் அதே ஆளைத் தொற்றுகின்றன. இதனால் ஒருமுறை வந்த புழு பல பத்தாண்டுகள் ஓசையின்றி இருக்கலாம். இரண்டாம் உலகப் போரில் பர்மா ரயில்பாதையில் வேலை வாங்கப்பட்ட கைதிகளில், முப்பது நாற்பது வருடங்களுக்குப் பின்னரும் இப்புழு கண்டுபிடிக்கப்பட்டது.

அவ்வளவு காலமும் அதை அடக்கி வைத்திருப்பவை இயோசினோபில்களும், அவற்றை ஏவும் ரி கலங்களும். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட் இந்த இரண்டையும் வீழ்த்துகிறது. காவல் நீங்கியதும் குடம்பிகள் ஆயிரக்கணக்கில் பெருகி நுரையீரலுக்கும் மூளைக்கும்கூடச் செல்கின்றன. போகும்போது குடலிலுள்ள பக்றீரியாக்களையும் குருதிக்குள் இழுத்துச் செல்கின்றன. அந்தக் கட்டத்தில் நோயாளி கிருமித் தொற்றால் வந்த கடுங்காய்ச்சலோடு வருவார். புழு யாருடைய நினைவுக்கும் வராது. குருதி அறிக்கையில் இயோசினோபில் உயர்ந்திருக்காதா என்று கேட்கலாம். ஸ்டீரொயிட் எடுப்பவரில் அது உயராது. நம்மை எச்சரிக்க வேண்டிய கலத்தையே மருந்து அழித்துவிடுகிறது. மலப் பரிசோதனை ஒன்றில் தெரியாமல் போவதும் சாதாரணம். ஆகவேதான், வயல் வேலை செய்தவருக்கு ஸ்டீரொயிட் தொடங்குமுன் ஐவர்மெக்டினைக் கொடுத்துவிடுவது அறிவுடைமை. பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் பூச்சிக் குளிசையான மெபெண்டசோல் இந்தப் புழுவுக்குப் போதாது.

மூட்டு நோவுக்கும் முட்டு வருத்தத்துக்கும் கடையில் பெயர் தெரியாத குளிசை வாங்கிக் குடிப்பவர்கள் நம் பகுதியில் ஏராளம். அவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருந்தால் இதே ஆபத்து, எந்த முன்னேற்பாடும் இல்லாமல், அவர்களுக்கும் உண்டு.

கேள்வி (திருக்கோவில்): பள்ளிக்கூடத்தில் பூச்சிக் குளிசை கொடுத்தால் பிள்ளையின் முட்டு வருத்தம் கூடும் என்கிறார்கள். குளிசை எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்குமா?

பதில்: மெபெண்டசோலில் மிகச் சிறிய பங்கே குடலிலிருந்து குருதிக்குச் செல்கிறது, அது நேராக வெண்குழியங்களைத் தொடுவதாகக் கொள்ள இடமில்லை. இந்தப் பேச்சுக்கு அடிப்படை வேறு. குடற்புழுக்கள் தாம் பிழைப்பதற்காக, நிர்ப்பீடனத்தை அமைதிப்படுத்தும் ஒழுங்காக்கும் ரி கலங்களைப் பெருக்குகின்றன. புழு போனால் அந்த அமைதியும் குறைந்து ஒவ்வாமை தலைதூக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஐயம். கபோன் நாட்டில் பிள்ளைகளுக்கு நீண்ட காலம் புழு மருந்து கொடுத்தபோது, தூசிப்பூச்சிக்கான தோற்பரிசோதனையில் ஒவ்வாமை கூடியது. ஈக்குவடோரில் நடந்த பெரிய ஆய்வில் ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ கூடவில்லை. மறுபக்கத்தில், புழுவினால் வரும் குருதிச்சோகையும் வளர்ச்சிக் குறைவும் ஐயத்துக்கு இடமற்றவை. குளிசையைக் கொடுங்கள், இன்ஹேலரையும் ஒழுங்காகத் தொடருங்கள்.

கேள்வி (ஏறாவூர்): சொறிக்காக ஐவர்மெக்டின் தந்தார்கள். கொவிட் காலத்தில் இது எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்று பரவலாகப் பேசினார்களே, மாதாமாதம் எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். ஐவர்மெக்டின் தின்குழியங்களின் மேலுள்ள பி2எக்ஸ்4 என்ற வாங்கியைத் தூண்டுவதும், எலிகளில் அழற்சிப் புரதங்களைக் குறைப்பதும் ஆய்வுகூடங்களில் காணப்பட்டவைதாம். நுண்புழுக்கள் தம்மை மறைத்துக்கொள்ளச் சுரக்கும் பொருட்களை இது நிறுத்திவிடுவதாகவும், அதன்பின் நமது கலங்களே அவற்றை அழிப்பதாகவும் கருதப்படுகிறது. ஆனால் கொவிட் வைரசைச் சோதனைக் குழாயில் அடக்கிய செறிவு, வழமையான குளிசை அளவில் குருதியில் கிடைப்பதைவிடப் பல பத்து மடங்கு அதிகம். பிரேசிலில் நடந்து 2022 இல் வெளியான பெரிய ஆய்வில், கொவிட் நோயாளிகள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவதை இது குறைக்கவில்லை.

சொறிக்கு இது நல்ல மருந்து. உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 200 மைக்ரோகிராம் என்ற கணக்கில் கொடுக்கப்படும். சொறிப்பூச்சியின் முட்டையை இது கொல்லாது என்பதால், ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் இரண்டாவது தடவையும் எடுக்க வேண்டும். 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குளிசைக்குப் பதிலாகப் பூசும் மருந்து உண்டு. வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் சிகிச்சை செய்து, அன்றே பாய், தலையணை உறை, சாரம், துவாய் எல்லாவற்றையும் சுடுநீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.